புலன்கள் உயிரினங்களின் வாழ்க்கையை எந்த அளவுக்குத் தீர்மானிக்கின்றன?

நுண்ணோக்கி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் ஓர் இரவு, வாசல் விளக்கைச் சுற்றிப் பறந்துகொண்டிருந்த அந்துப்பூச்சிகளைப் பார்த்தபடி நின்றிருந்தபோது, கையிலிருந்த சாவிக்கொத்தைத் தற்செயலாகக் குலுக்கினேன். வெளிச்சத்தின் விளிம்பில், பாதி இருட்டில் பறந்துகொண்டிருந்த பழுப்பு நிறப் பூச்சி ஒன்று சட்டென்று சிறகை மடக்கிக்கொண்டு கல்லைப்போலத் தரையில் விழுந்தது. சந்தேகத்துடன் மறுபடியும் குலுக்கினேன். இன்னொன்று தான் வந்த வழியை விட்டுச் சுழன்று புதருக்குள் மறைந்தது. ஆனால் விளக்கை ஒட்டிச் சுற்றிக்கொண்டிருந்தவற்றில் பெரும்பாலானவை எதுவுமே நடக்காததுபோல் சுற்றிக்கொண்டே இருந்தன. அந்த வேறுபாட்டுக்கான காரணம் எனக்கு இன்னும் விளங்கவில்லை.

விழுந்த பூச்சி ஏன் விழுந்தது என்பது மட்டும் தெரியும். சாவிகள் ஒன்றோடொன்று மோதும்போது, நம் காதில் விழும் ஓசையோடு சேர்ந்து, நமக்குக் கேட்காத, 20,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட மீயொலியும் எழுகிறது. பூச்சிக்கு அது வௌவாலின் குரல். அமெரிக்க உயிரியலாளர் கென்னத் ரோடர் இந்தக் காதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். அவர் ஆராய்ந்த அந்துப்பூச்சிகளின் மார்புப் பகுதியில் இருக்கும் ஒவ்வொரு காதிலும், ஒலியை உணரும் நரம்பணுக்கள் இரண்டே இரண்டுதான். ஒன்று தொலைவிலிருந்து வரும் மெல்லிய மீயொலிக்கே துடிக்கிறது. மற்றது ஒலி வலுத்தால்தான் துடிக்கிறது. வௌவால் தொலைவில் இருந்தால் பூச்சி திரும்பி வேறு திசையில் பறந்துவிடுகிறது; மிக அருகில் வந்துவிட்டால் தாறுமாறாகச் சுழன்று கீழே பாய்கிறது. வௌவால் பூச்சியை உணரச் சில மீட்டர் தூரத்துக்கு வந்தாக வேண்டும், பூச்சியோ சுமார் 30 மீட்டர் தொலைவிலேயே வௌவாலைக் கேட்டுவிடுகிறது. எந்த இரவில் எந்தப் பூச்சி உயிரோடு இருக்கும், எந்த வௌவால் பட்டினி கிடக்கும் என்பதில் இந்த இரண்டு நரம்பணுக்களுக்குப் பெரும் பங்கு இருக்கிறது.

யாக்கோப் ஃபான் யூக்ஸ்க்யூல் என்ற உயிரியலாளர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஒவ்வோர் உயிரும் தன் புலன்கள் திறந்துகாட்டும் பகுதியை மட்டுமே உலகமாகக் கொண்டு வாழ்கிறது என்று வாதிட்டார். அவருடைய புகழ்பெற்ற எடுத்துக்காட்டு உண்ணி. புல்நுனியில் காத்திருக்கும் உண்ணிக்குக் காட்டின் நிறமும் பறவையின் பாட்டும் இல்லை. பாலூட்டியின் தோலிலிருந்து வரும் பியூட்ரிக் அமிலத்தின் வாசனையும், உடலின் வெப்பமும், மயிரின் தொடுகையுமே உண்டு. இதை அழகான சிந்தனை என்று பாராட்டிவிட்டுப் பலரும் நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு இது சூழலியலின் அடிப்படைக் கேள்வியாகவே படுகிறது. யார் யாரைச் சந்திக்கிறார்கள், யார் யாரைத் தவறவிடுகிறார்கள் என்பதைப் புலன்கள் தீர்மானிக்கின்றன என்றால், உணவுச் சங்கிலியின் கணக்குகளில் புலன்களுக்கு ஏன் இவ்வளவு சிறிய இடம்? உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

கரைமேடு எழுதியது:

நல்ல இழை, நண்பரே. ஆனால் உங்கள் முடிவோடு நான் உடன்படவில்லை. ஓர் உயிரினம் எங்கே வாழும், எத்தனை வாழும் என்பதை உணவு, வெப்பநிலை, நீர், நோய், இடப் போட்டி ஆகியவையே தீர்மானிக்கின்றன. புலன் என்பது அவற்றை எட்டிப் பிடிப்பதற்கான கருவி மட்டுமே. கருவி போதவில்லை என்றால் இயற்கைத் தேர்வு காலப்போக்கில் அதைச் சீர்படுத்திவிடும். வௌவால்கள் வந்தன, பூச்சிகளுக்குக் காது வந்தது; தேவை முன்னே வந்தது, புலன் பின்னே வந்தது. அந்துப்பூச்சி விழுந்த காட்சி வியப்புக்குரியதுதான், மறுக்கவில்லை. ஆயினும் அது ஒரு தனிப் பூச்சியின் நடத்தை. உணவும் இடமும் வெப்பமும் மாறாதிருக்க, புலன் ஒன்றை மட்டும் மாற்றியதால் ஓர் இனத்தின் எண்ணிக்கையோ ஒரு வாழிடத்தின் அமைப்போ மாறியது என்பதற்குச் சான்று உண்டா? இருந்தால் திறந்த மனத்துடன் படிக்கிறேன்.

ஆழ்நீர் எழுதியது:

கரைமேடு அவர்களே, நீங்கள் கேட்ட சான்றுக்கு மிக அருகில் வருவது ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி. அந்த ஏரியில் நூற்றுக்கணக்கான சிக்லிட் மீனினங்கள், பரிணாமக் கணக்கில் மிகக் குறுகிய காலத்தில், ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிந்தன. அவற்றில் நெருங்கிய உறவுடைய இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒன்றின் ஆண் நீலச்சாயல் கொண்டது, கரையோரத்து ஆழமற்ற நீரில் வாழ்கிறது. மற்றதன் ஆண் சிவப்பு நிறம் கொண்டது, சற்று ஆழத்தில் வாழ்கிறது. ஏரி நீரில் மிதக்கும் துகள்கள் நீல ஒளியை விரைவில் விழுங்கிவிடுவதால், ஆழம் கூடக் கூட எஞ்சும் ஒளி செம்மஞ்சளாகிறது. ஆழத்து மீனின் விழித்திரையில் இருக்கும் ஒளியுணர் புரதம் அந்தச் செம்மை ஒளிக்கு ஏற்றவாறு சிறிது மாறியிருக்கிறது. கரையோர மீனுக்கு அப்படி இல்லை. ஆகவே ஒவ்வோர் இனத்தின் பெண்ணுக்கும் தன் ஆழத்தின் ஒளியில் தன் இனத்து ஆண்தான் பளிச்சென்று தெரிகிறது. ஓலே சீஹௌசென் குழுவினர் 2008-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கண்ணின் மரபணு வரை தொடர்ந்து சென்று காட்டியது.

உங்கள் கேள்விக்கு நேரான விடை அடுத்து வருகிறது. இந்த இரண்டு மீன்களையும் ஆய்வகத் தொட்டியில், ஒரே அலைநீளம் கொண்ட விளக்கின் கீழ் வைத்தால், நிற வேறுபாடு மறைந்துவிடுகிறது. அப்போது பெண் மீன்கள் தன் இனத்து ஆணையும் மற்ற இனத்து ஆணையும் பிரித்துப் பார்க்காமல் இணை சேருகின்றன. நீர் அதே நீர், உணவு அதே உணவு, வெப்பம் அதே வெப்பம். ஒளி மட்டுமே மாறியது. அவற்றுக்குப் பிறக்கும் குஞ்சுகள் நலமாகவே வளர்கின்றன, இனப்பெருக்கமும் செய்கின்றன. அதாவது இந்த இரண்டு இனங்களுக்கு நடுவே இருக்கும் வேலி பெரும்பாலும் கண்ணால் ஆனது.

இனி ஏரிக்கு வாருங்கள். கரையோரத்துக் காடழிப்பாலும் வேளாண் கழிவுகளாலும் சத்துகள் ஏரியில் சேர, பாசி பெருகி நீர் கலங்கியது. நீர் கலங்கிய இடங்களில் ஆண்களின் நிறம் மங்கியிருக்கிறது, இனங்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது, தெளிந்த நீரில் தனித்தனியாக இருந்தவை கலப்பினமாக ஒன்றிவிட்டிருக்கின்றன என்பதை 1997-இல் வெளியான ஆய்வு காட்டியது. நைல் பெர்ச் என்ற பெரிய மீன் அந்த ஏரியில் விடப்பட்டதால் பல இனங்கள் அழிந்ததும் உண்மை. ஆனால் நான் சொல்லும் இழப்பு வேறு வகையானது. இங்கே மீன்கள் சாகவில்லை, ஏரியில் நீந்திக்கொண்டுதான் இருக்கின்றன, இனங்கள்தான் கரைந்துபோயின.

தும்பி எழுதியது:

“கருவி போதவில்லை என்றால் இயற்கைத் தேர்வு சீர்படுத்திவிடும்” என்ற வரியில் நின்றுவிட்டேன். நான் கண்ணால் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். நிறுத்தி வைத்திருந்த கருநிறக் கார் ஒன்றின் முன்மூடி மீது ஒரு தட்டான் திரும்பத் திரும்ப வந்து, வாலின் நுனியால் தொட்டுத் தொட்டு எழும்பிக்கொண்டிருந்தது. குனிந்து பார்த்தபோது, சூடேறிய அந்தத் தகட்டில் மிகச் சிறிய முட்டைகள் ஒட்டிக்கொண்டு காய்ந்திருந்தன. ஏறக்குறைய பத்து நிமிடம் அது ஓயவில்லை. சற்றுத் தள்ளிக் குளமே இருந்தது.

தட்டான் அறிவற்றது என்று இதைக் கடந்துவிட முடியாது. பல நீர்ப்பூச்சிகள் தண்ணீரை அதன் நிறத்தாலோ ஈரத்தாலோ கண்டுகொள்வதில்லை. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளி கிடைமட்டமாகத் தளவிளைவு அடைகிறது, அதாவது அதன் அலைகள் பெரும்பாலும் கிடைமட்டத் திசையிலேயே அதிர்கின்றன. அதை உணரும் திறன் இந்தப் பூச்சிகளின் கண்ணுக்கு உண்டு, நம் கண்ணுக்குப் பெரும்பாலும் இல்லை. கோடிக்கணக்கான ஆண்டுகள் நிலத்தில் அப்படி ஒளியைத் திருப்பியனுப்பிய பெரிய பரப்பு தண்ணீர் ஒன்றுதான். எனவே கிடைமட்டத் தளவிளைவு என்றால் தண்ணீர் என்ற விதி பிழையின்றி வேலை செய்தது. பிறகு தார்ச்சாலையும், கண்ணாடிச் சுவர்களும், பளபளக்கும் கருநிற, செந்நிறக் கார்களும், சூரிய மின்தகடுகளும் வந்தன. ஹங்கேரியில் ஜார்ஜ் கிரிஸ்காவும் காபோர் ஹோர்வாத்தும் அவர்களுடன் பணியாற்றியவர்களும், சிறகு முளைத்தபின் மிகக் குறுகிய காலமே வாழும் மேஃப்ளை என்ற பூச்சிகள் ஓடையை விட்டு உலர்ந்த தார்ச்சாலையில் திரள்வதை 1998-இல் விளக்கினார்கள். சாலையிலிருந்து வரும் ஒளி, ஓடையிலிருந்து வருவதைவிட வலுவாகத் தளவிளைவு அடைந்திருந்தது. அந்தப் பூச்சியின் கண்ணுக்கு அந்தச் சாலை, தண்ணீரைவிடச் சிறந்த தண்ணீர்.

இங்கே தேவை இருக்கிறது, புலனும் இருக்கிறது, இரண்டும் சேர்ந்தே பூச்சியை அழிவுக்கு அழைத்துச் செல்கின்றன. இயற்கைத் தேர்வுக்கு இதைச் சீர்படுத்தப் போதிய தலைமுறைகள் கிடைக்குமா என்பதுதான் கேள்வி. சூரிய மின்தகடுகளைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி உண்டு. தகட்டின் மீது வெள்ளைக் கோடுகளால் கட்டங்கள் அமைத்தால் பூச்சிகள் வருவது வெகுவாகக் குறைகிறது என்று 2010-இல் அதே ஆய்வாளர்கள் காட்டினார்கள். பூச்சியின் கண்ணில் படும் ‘ஏரி’யை வெறும் கோடுகளால் துண்டாடிவிட முடிகிறது.

கரைமேடு எழுதியது:

ஏரியின் எடுத்துக்காட்டு வலுவானது. ஒற்றை அலைநீள விளக்கின் சோதனையை நான் அறிந்திருக்கவில்லை, நன்றி. தட்டான் விஷயத்திலும் என் வரியைத் திருத்திக்கொள்கிறேன். ஆயினும் ஒரு கேள்வி எஞ்சுகிறது. புலன் இவ்வளவு முக்கியம் என்றால், ஒவ்வோர் உயிரும் எல்லாப் புலன்களையும் கூர்மையாக வைத்திருக்க வேண்டுமல்லவா? பெரும்பாலான உயிர்கள் ஒன்றிரண்டு புலன்களில் மட்டும் சிறந்து மற்றவற்றில் மந்தமாக இருக்கின்றனவே. அப்படியானால் உணவும் வாழிடமுமே அடித்தளம், புலன் அதன் மேல் கட்டப்பட்டது என்றுதானே ஆகிறது?

நுண்ணோக்கி எழுதியது:

புலனுக்கு விலை உண்டு என்பதே உங்கள் கேள்விக்கு விடை, ஐயா. அந்த விலை உணவிலிருந்துதான் செலுத்தப்படுகிறது, அதனால் நீங்கள் சொல்லும் அடித்தளமும் நான் சொல்லும் புலனும் தனித்தனி மாடிகள் அல்ல. ஒளியுணர் செல்லும் அதன் செய்தியைப் படிக்கும் மூளைப் பகுதியும், பார்க்க எதுவும் இல்லாதபோதும் ஆற்றலைத் தின்றுகொண்டே இருக்கின்றன. மெக்சிகோவின் குகை நீரில் வாழும் ஆஸ்டியானாக்ஸ் என்ற சிறு மீனின் குகை வகைகள் கண்ணை இழந்துவிட்டன. ஆற்றில் வாழும் அதே இனத்து மீன்களுக்குக் கண் உண்டு. 2015-இல் வெளியான அளவீட்டின்படி, 1 கிராம் எடையுள்ள இளம் மீனில், கண்ணுக்கும் பார்வைக்கான மூளைப் பகுதிக்கும் ஓய்வுநிலை ஆற்றலில் ஏறக்குறைய 15 விழுக்காடு செலவாகிறது. மீன் வளர வளர அந்தப் பங்கு குறைந்து சுமார் 5 விழுக்காட்டுக்கு வருகிறது. இரை அரிதான இருட்டுக் குகையில் இந்தச் செலவைத் தாங்கிக்கொண்டிருப்பது எளிதல்ல. கண்ணை விட்டுவிட்ட மீன்களில் நீரின் அசைவை உணரும் உறுப்புகள் பெருகியிருக்கின்றன.

“வௌவால் வந்தது, பூச்சிக்குக் காது வந்தது” என்று நீங்கள் எழுதியதையும் தொட்டுவிடுகிறேன், ஏனென்றால் பல ஆண்டுகள் நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். அந்துப்பூச்சிகளின் வம்சாவளியை ஏராளமான மரபணுக்களைக் கொண்டு காலக்கணக்கிட்ட ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. அதன்படி, கேட்கும் உறுப்புகள் அந்துப்பூச்சிக் குடும்பங்களில் பல முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கின்றன. அவற்றுள் பல, வௌவால்கள் தோன்றுவதற்கு முன்பே இருந்தன. நடந்துவரும் வேறு கொன்றுண்ணிகளின் சலசலப்பைக் கேட்க அவை முதலில் உதவியிருக்கலாம் என்பது ஒரு விளக்கம். அப்படியென்றால், வௌவால்கள் வானத்துக்கு வந்த நாளில் எந்தப் பூச்சிக் குடும்பத்துக்கு ஏற்கெனவே காது இருந்ததோ, அந்தக் குடும்பம் முன்கூட்டியே ஒரு கவசத்தோடு நின்றிருந்தது. புலன் இங்கே தேவைக்கு முந்தியது; பின்னால் வந்த வரலாற்றை அது வடிவமைத்தது.

வானவில் எழுதியது:

நான் இந்தத் துறையில் பயின்றவள் அல்ல, ஆர்வத்தால் படிப்பவள். இழையைப் படிக்கப் படிக்க மனம் நிறைகிறது. நான் அறிந்த இரண்டு செய்திகளையும் சேர்க்கிறேன். மேண்டிஸ் இறாலின் கண்ணில் நிறத்தை உணரும் செல்கள் 12 வகை உண்டாம். நமக்கு 3 வகைதான். எனில் அது காணும் நிறங்களை நம்மால் கற்பனை செய்யவும் முடியாது. அடுத்தது, கெஸ்ட்ரல் என்ற சிறு வல்லூறு, வயல் எலிகள் போகும் வழியெங்கும் விடும் சிறுநீரைப் புற ஊதா ஒளியில் கண்டு, எலி அதிகமுள்ள இடத்தை வானிலிருந்தே தேர்ந்தெடுக்கிறது என்று படித்தேன். புலன் சூழலை வடிவமைக்கிறது என்பதற்கு இவை பொருத்தமானவை அல்லவா?

ஆழ்நீர் எழுதியது:

வானவில் அம்மா, உங்கள் இரண்டு செய்திகளும் உண்மையான ஆய்வுகளிலிருந்து பிறந்தவை. இரண்டுக்கும் பிற்பகுதி ஒன்று உண்டு, அது முற்பகுதி அளவுக்குப் பரவவில்லை.

மேண்டிஸ் இறாலின் 12 வகைச் செல்கள் உண்மை. ஆனால் செல் வகை கூடினால் நிற நுட்பமும் கூடும் என்ற எதிர்பார்ப்பை 2014-இல் ஒரு சோதனை உடைத்தது. ஒரு குறிப்பிட்ட நிறத்துக்கு உணவு கிடைக்கும் என்று இறால்களைப் பழக்கிவிட்டு, அந்த நிறத்தோடு சற்றே மாறுபட்ட நிறத்தையும் வைத்தார்கள். இரண்டின் அலைநீளத்துக்கும் இடையே 12 முதல் 25 நானோமீட்டர் வரை வேறுபாடு இருந்தால்தான் இறால்களால் பிரித்தறிய முடிந்தது. மனிதக் கண் பல நிறப்பகுதிகளில் 1 முதல் 4 நானோமீட்டர் வேறுபாட்டையே கண்டுகொள்கிறது. நம் மூளை மூன்று வகைச் செல்களின் செய்திகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு நிறத்தைக் கணக்கிடுகிறது. இறால் அந்த ஒப்பீட்டைச் செய்யாமல், எந்தச் செல் துடித்தது என்பதை வைத்தே நிறத்தை நேரடியாக அடையாளம் காண்கிறது போலும். நுட்பம் குறைவு, ஆனால் மூளைக்கு வேலையும் குறைவு, விடையும் விரைவு. மின்னல் வேகத்தில் குத்தித் தாக்கும் ஓர் உயிருக்கு அந்த வேகம் பொருந்துகிறது. எனக்கு இந்தப் பிற்பகுதிதான் முற்பகுதியைவிட வியப்பளிக்கிறது.

கெஸ்ட்ரல் செய்தி 1995-இல் வெளியான ஆய்விலிருந்து வந்தது. 2013-இல் வேறு ஆய்வாளர்கள் இரைகொல்லிப் பறவைகளின் கண்ணை அளந்து பார்த்தபோது, அவற்றின் விழிவில்லையும் கண்ணின் மற்ற ஒளிபுகு பகுதிகளும் புற ஊதா ஒளியில் பெரும்பங்கைத் தடுத்துவிடுவதைக் கண்டார்கள். எலியின் சிறுநீர்த்தடம் அதன் பின்னணியிலிருந்து அந்தக் கண்ணுக்கு நம்பத்தகுந்தபடி தனித்துத் தெரிய வாய்ப்பில்லை என்பது அவர்களின் முடிவு. ஒரு பொருள் புற ஊதாவைத் திருப்பியனுப்புகிறது என்பதும், அதை ஒரு விலங்கு காண்கிறது என்பதும், கண்டதை வைத்து அது முடிவெடுக்கிறது என்பதும் மூன்று தனித்தனிக் கூற்றுகள். மூன்றுக்கும் தனித்தனியே சான்று வேண்டும். இந்தத் துறையில் இருப்பவர்கள் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் இதுதான் என்று கருதுகிறேன்.

வானவில் எழுதியது:

மிக்க நன்றி, ஐயா. பத்து ஆண்டுகளாக எலிக் கதையை எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். இனி இதையும் சேர்த்துச் சொல்வேன்.

நுண்ணோக்கி எழுதியது:

பார்வையை விட்டுக் கேட்கும் புலனுக்கு வருவோம், ஏனெனில் ஓர் உயிர் தன் துணைக்கு அனுப்பும் செய்தியை வேறோர் உயிரும் கேட்டுக்கொண்டிருக்கலாம். பனாமாவின் காடுகளில் வாழும் டங்காரா தவளையின் ஆண், இரவில் குட்டையில் மிதந்தபடி நீண்டு இறங்கும் ஒரு சிணுங்கல் ஒலியை எழுப்புகிறது. பக்கத்தில் வேறு ஆண்கள் கத்தினால், அந்தச் சிணுங்கலின் இறுதியில் குறுகிய தட்டொலிகளைச் சேர்த்துக்கொள்கிறது. பெண் தவளைகள் தட்டொலி சேர்ந்த குரலையே விரும்பித் தேடி வருகின்றன. மைக்கேல் ரையனும் மெர்லின் டட்டிலும் 1980-களின் தொடக்கத்தில் கண்டது என்னவென்றால், தவளை தின்னும் ஒரு வௌவாலும் அதே குரலைக் கேட்டு வருகிறது, அதுவும் தட்டொலி சேர்ந்த குரலையே விரும்புகிறது. தனியாக இருக்கும் ஆண் ஏன் சிணுங்கலோடு நிறுத்திக்கொள்கிறது என்பதும் இதனால் விளங்குகிறது. இரண்டு கேட்பவர்களுக்கு நடுவே அதன் பாட்டு செதுக்கப்பட்டிருக்கிறது.

இதைவிட ஆழமான செய்தி ஒன்று உண்டு. தட்டொலியே எழுப்பாத ஓர் உறவினத் தவளையின் குரலோடு செயற்கையாகத் தட்டொலியைச் சேர்த்து ஒலிபரப்பியபோது, அந்த இனத்துப் பெண்களும் அதையே விரும்பின. பெண்ணின் காதும் மூளையும் அந்த ஒலிக்கு முன்பே சாய்ந்திருந்தன, ஆண் பிற்பாடு அந்தச் சாய்வைப் பயன்படுத்திக்கொண்டது என்றுதான் இதைப் பொருள்கொண்டார்கள்.

அலைவரிசை எழுதியது:

கரைமேடு அவர்கள் முதலில் கேட்ட கேள்விக்குத் திரும்புகிறேன்: உணவும் இடமும் மாறாமல், புலன் மட்டும் மாறினால் என்ன ஆகும்? ஒலி குறித்த ஆய்வுகளில் இதற்கு ஏறக்குறைய தூய்மையான விடைகள் உண்டு.

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் வலசைப் பறவைகள் இறங்கி இளைப்பாறி உடலில் கொழுப்பைச் சேர்த்துக்கொள்ளும் ஒரு மலைமுகடு இருக்கிறது. அங்கே சாலை கிடையாது. ஜெஸ்ஸி பார்பரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2012-இல் மரங்களுக்கு இடையே சுமார் அரை கிலோமீட்டர் நீளத்துக்கு ஒலிபெருக்கிகளை நிறுத்தி, சாலையின் இரைச்சலை மட்டும் ஒலிபரப்பினார்கள். நான்கு நாள் ஒலி, நான்கு நாள் அமைதி என்று மாறி மாறி. வண்டி இல்லை, புகை இல்லை, வெளிச்சம் இல்லை, ஒரு மரம்கூட வெட்டப்படவில்லை. இரைச்சல் இருந்த நாள்களில் பறவைகளின் எண்ணிக்கை கால்பங்குக்கு மேல் குறைந்தது. சில இனங்கள் அந்த இடத்தையே ஏறக்குறைய முழுமையாக ஒதுக்கிவிட்டன. விலகாமல் தங்கிய பறவைகளும் நலமாக இல்லை என்பதை 2015-இல் வெளியான தொடர் ஆய்வு காட்டியது. கொன்றுண்ணி வரும் ஓசையைக் காதால் பிடிக்க முடியாதபோது பறவை அடிக்கடி தலையை உயர்த்திக் கண்ணால் பார்க்க வேண்டியிருக்கிறது. தலை உயர்ந்திருக்கும் நேரத்தில் அலகு இரையைத் தேடாது. உணவு அதே அளவு கிடந்தும் உடல் எடை போதிய அளவு கூடவில்லை. வலசைக்குப் புறப்படும் பறவைக்கு அது உயிர்ப் பிரச்சினை.

நியூ மெக்சிகோவில் கிளின்டன் பிரான்சிஸ் குழுவினர் செய்த ஆய்வு இன்னும் ஒரு படி மேலே செல்கிறது. அங்கே இயற்கை எரிவாயுக் கிணறுகள் காட்டுக்குள் சிதறியிருக்கின்றன. சில கிணறுகளில் வாயுவை அழுத்தி அனுப்பும் பொறிகள் இரவும் பகலும் இரைகின்றன. சிலவற்றில் பொறி இல்லை, அமைதி. மற்றபடி மரம், மண், மனித நடமாட்டம் எல்லாம் ஒத்தவை. இரைச்சல் இருந்த இடங்களில், பினியன் பைன் மரத்தின் விதைகளை எடுத்துச் சென்று மண்ணில் புதைத்து வைக்கும் ஸ்க்ரப் ஜே பறவைகள் விலகிவிட்டன. புதைத்த விதைகளில் எடுக்க மறந்தவைதான் கன்றுகளாக முளைக்கும். அவற்றின் இடத்தில் எலிகள் வந்தன. எலிகள் விதைகளைப் பெரும்பாலும் தின்றே தீர்த்தன. 2012-இல் வெளியான முடிவின்படி, அமைதியான இடங்களில் பைன் கன்றுகள் இரைச்சல் இடங்களைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு இருந்தன. அதே நேரத்தில், இரைச்சலைப் பொருட்படுத்தாத கருமோவாய் ஹம்மிங் பறவைகள் அந்தப் பொறிகளின் அருகே கூடின. கூடுகளைச் சூறையாடும் ஜே பறவைகள் அங்கே இல்லாததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம். அதனால், ஒருவகைச் செந்நிறப் பூவைப்போல் அமைத்து வைத்த செயற்கைப் பூக்களில் அங்கே மகரந்தப் பரிமாற்றம் கூடியது. பைன் மரத்துக்கும் அந்தப் பூச்செடிக்கும் காது கிடையாது. இருந்தும் பறவைகளின் காது வழியாக ஒன்று நலிந்தது, மற்றொன்று செழிக்க வழி பிறந்தது.

இன்னும் ஒன்று. பொறிகளை நிறுத்திய பிறகும் அந்தக் காடு உடனே பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்று 2021-இல் வெளியான தொடர் ஆய்வு கூறுகிறது. ஜே பறவைகளுக்கு நினைவாற்றல் அதிகம்; அவை விட்டுச்சென்ற இடத்துக்குத் திரும்பி வரத் தயங்குகின்றன போலும். பைன் மரம் வளர்வதற்கோ பல பத்தாண்டுகள் ஆகும். சில ஆண்டுகள் இரைந்த ஒரு பொறியின் தடம் அந்தக் காட்டில் எத்தனை காலம் நிற்கும் என்று நினைக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

கரைமேடு எழுதியது:

அலைவரிசை அவர்களே, இதைத்தான் கேட்டேன். கேட்டதற்கு மேலாகவே கிடைத்துவிட்டது. புலனை வெறும் கருவி என்று நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். என் தவறு எங்கே என்று யோசித்தேன். “உணவு இருக்கிறது” என்று நான் எழுதும்போது, மனிதன் எண்ணிப் பார்த்தால் இருக்கும் உணவையே நினைத்திருக்கிறேன். பறவைக்கு இருக்கும் உணவு என்பது, அது அஞ்சாமல் தலை குனிந்து தேடக்கூடிய உணவு மட்டுமே.

ஒரு நடைமுறைக் கேள்வி. புலன் வழியாகக் கெடுத்ததைப் புலன் வழியாகவே சீர்படுத்திய எடுத்துக்காட்டு உண்டா?

ஆழ்நீர் எழுதியது:

ஓரளவுக்கு உண்டு. பவளத்திட்டு மீன்களின் குஞ்சுகள் திறந்த கடலில் மிதந்து வளர்ந்து, பிறகு குடியேறத் திட்டைத் தேடுகின்றன. நலமான திட்டு சத்தம் நிறைந்தது: இறால்களின் சொடுக்கொலி, மீன்களின் உறுமல், கொறிக்கும் ஓசை. அந்த ஒலியைக் கேட்டே பல குஞ்சுகள் வழி அறிகின்றன. வெப்பத்தால் வெளுத்துச் சிதைந்த திட்டு அமைதியாகிவிடுகிறது, அதனால் புதிய குஞ்சுகளும் வருவது குறைகிறது. ஆஸ்திரேலியாவின் பெருந்தடுப்புப் பவளத்திட்டில், சிதைந்த பகுதிகளில் நீரடி ஒலிபெருக்கிகளை வைத்து நலமான திட்டின் ஒலியை 40 நாள்கள் ஒலிபரப்பினார்கள். 2019-இல் வெளியான முடிவின்படி, ஒலி இல்லாத இடங்களைவிட அங்கே வந்து சேர்ந்த மீன்கள் இரண்டு மடங்கு, மீனினங்கள் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மீன்கள் வந்துவிட்டதாலேயே பவளம் மீண்டுவிடாது, அதற்கு நீர் குளிர வேண்டும். மீன்கள் பாசியை மேய்வதால் பவளத்துக்குக் கிடைக்கும் உதவி சிறிதல்ல என்பதும் உண்மை. இல்லாத வளத்தை இருப்பதாகக் குஞ்சுகளுக்குச் சொல்லி அழைப்பது சரியா என்ற கேள்வி எனக்குள் இருக்கிறது. தும்பி அவர்கள் சொன்ன தார்ச்சாலையை நாமே கட்டிவிடக் கூடாது.

தும்பி எழுதியது:

நுண்ணோக்கி அவர்களே, முதல் பதிவில் நீங்கள் விடையின்றி விட்ட ஒன்றுக்கு வருகிறேன். விளக்கை ஒட்டிச் சுற்றிய பூச்சிகள் சாவியின் ஒலிக்கு ஏன் அசையவில்லை? எல்லா அந்துப்பூச்சிகளுக்கும் காது கிடையாது என்பது ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் வேறொரு காரணமும் இருக்கிறது. 1998-இல் சுவீடன் ஆய்வாளர்கள், காதுள்ள ஒரே வகை அந்துப்பூச்சிகளுக்கு இருட்டிலும் பாதரச ஆவித் தெருவிளக்கின் கீழும் மீயொலியைச் செலுத்திப் பார்த்தார்கள். இருட்டில் தப்பியோடியவை, விளக்கருகே வெகுவாகக் குறைந்த அளவிலேயே அசைந்தன. 2015-இல் எல்இடி விளக்குகளின் கீழும் தப்பிக்கும் பாய்ச்சல் குறைவது காணப்பட்டது. காதில் கோளாறு இல்லை. வெளிச்சத்தில் இருக்கும் பூச்சி பகல் என்றே நடந்துகொள்கிறது, பகலில் வௌவால் இல்லை என்பது ஒரு விளக்கம்.

இதன் விளைவு பூச்சியோடு முடியவில்லை. வேகமாகப் பறக்கும் சில வௌவால்கள் விளக்கடியில் கூடி எளிதாக இரை பிடிக்கின்றன. மெதுவாகப் பறக்கும் சிறிய குதிரைலாட வௌவால் போன்றவை வெளிச்சத்தை அஞ்சி, வழக்கமாகச் செல்லும் பாதையையே விட்டு விலகுகின்றன என்று 2009-இல் பிரிட்டனில் செய்த சோதனை காட்டியது. சுற்றுப்புறத்துப் பூச்சிகள் விளக்குக்கு இழுக்கப்படுவதால், இருட்டில் வேட்டையாடும் வௌவாலுக்கு இரையும் குறைகிறது. ஒரு விளக்கு ஒரு வௌவாலுக்குப் பந்தி, மற்றொன்றுக்குச் சுவர்.

நுண்ணோக்கி எழுதியது:

தும்பி அவர்களுக்கு நன்றி. உங்கள் பதிவைப் படித்த இரவே வாசல் விளக்கை அணைத்துவிட்டு, டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புத் தாளைச் சுற்றிக்கொண்டு வெளியே நின்றேன். பூச்சிகளின் கண்ணுக்குச் சிவப்பு அவ்வளவாகத் தெரியாது என்பதால் அந்த ஏற்பாடு. முதல் அரை மணி நேரம் ஒன்றும் வரவில்லை. பிறகு பூத்திருந்த கொடியின் பக்கம் ஒவ்வொன்றாக வரத் தொடங்கின. சாவிக்கொத்தைக் குலுக்கினேன், கொடியைச் சுற்றியிருந்தவற்றில் சில உடனே கீழே பாய்ந்தன, சில திசை மாறின, ஒன்று மட்டும் பூவிலேயே இருந்தது. எண்ணிச் சொல்லும் அளவுக்கு அவை அதிகமில்லை, இதை ஆய்வு என்றும் சொல்லமாட்டேன். சற்று நேரத்தில் ஒரு வௌவால் கொடிக்கு மேலே தாழ்வாகக் கடந்து சென்றது. அது எழுப்பிய குரலில் எதுவுமே எனக்குக் கேட்கவில்லை, ஆனால் கொடியின் அருகே ஒரு பூச்சிகூட மீதமில்லை. அன்றிலிருந்து வாசல் விளக்கை ஒன்பது மணிக்கு அணைத்துவிடுகிறேன்.